முருகன் எண்ணாத பழம்

1. பிளாஸ்டிக் ஆப்பிள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் ஆப்பிள் இருந்தது. பக்கத்திலேயே பிளாஸ்டிக் ஆரஞ்சு, பிளாஸ்டிக் திராட்சை, பாதி உரித்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் மாதுளை. சுகர் நோயாளிகளுக்கு 'இவ்வளவுதான் சாப்பிடலாம்' என்று அளவு காட்டுவதற்காக மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்த செட். போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் வேலை எனக்கு. படித்தது மதுரையில், வளர்ந்தது இதே ஊரில், மின்னி பே என்கிற பகுதியில். அப்பா ரோடு கான்ட்ராக்டராக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஆகவே ஊர் புதிதில்லை, வேலைதான் புதிது.

முதலில் வந்தவர் ஒரு பெங்காலி அம்மாள். ஆப்பிளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "யே தோ ஜஹாஜ் கா ஃபல் ஹே, பேட்டி" என்றார். இது கப்பலில் வருகிற பழமாச்சே மகளே என்று அர்த்தம். காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிப் போகிற சாமான் அது. அதை அவர் எங்கே தினமும் அளந்து சாப்பிடப் போகிறார்? அவர் வீட்டுக் கொல்லையில் நின்றது வாழை, பப்பாளி, பலா, தென்னை. அதில் ஒன்றுகூட என் மேஜையில் இல்லை.

மறுவாரம் அந்த செட்டைத் தூக்கி பீரோவில் பூட்டினேன். வருகிற வழியில் பஜாரில் வாழைப்பழமும் பப்பாளிக் கீற்றும் ஓர் இளநீரும் வாங்கிவந்து மேஜையில் பரப்பினேன். அளவு காட்ட வசதியாக இருந்தது. சாயங்காலமானால் ஸ்டாஃபுக்கும் வசதியாக இருந்தது.

இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். பயிற்சிக்கு வருகிற பெண்கள் அவ்வப்போது வீட்டுக்கு வந்து சந்தேகம் கேட்பார்கள். போனில் ஆப் வைத்துக்கொண்டு, தின்றதையெல்லாம் அதில் ஏற்றுகிற காலம். "மேடம், பழத்துல இருக்கறது இயற்கைச் சர்க்கரைதானே? அதையும் கணக்குல சேக்கணுமா?" என்று கேட்கிறார்கள். புத்தகத்தில் இதற்கு இரண்டு வரிப் பதில் இருக்கிறது. அதை ஒப்பிக்க எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதில் எனக்கு உறைத்தது பெரியசாமி அண்ணனால். அதனால் அவர் கதையைச் சொல்வதுதான் என் வழக்கம்.

2. பாராடாங் செராங்

சுனாமிக்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் சுகர் கிளினிக் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பாராடாங்கிலிருந்து பெரியசாமி என்பவர் வந்தார். ஐம்பதைத் தொடும் வயது, ஒடிசலான உடம்பு, நெற்றி நிறைய விபூதி. பாராடாங் தீவுக்கும் இந்தக் கரைக்கும் நடுவே கிரீக் என்கிற கடல்கழி உண்டு; பஸ்ஸையும் லாரியையும் ஏற்றிக்கொண்டு அதைத் தாண்டுகிற ஃபெரிப் படகை இங்கே பெரி என்போம், அதில் அவர்தான் செராங். அதாவது வீலைப் பிடித்து ஓட்டுகிறவர். அவர் ஆபீசில் வருடாவருடம் மெடிக்கல் ஃபிட்னஸ் கேட்பார்கள். அதற்குப் பார்த்தபோது சுகர் தெரிந்து, பாராடாங் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

வெறும் வயிற்று ரத்தத்திலேயே இருநூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதி, என்னிடம் அனுப்பினார். எங்கள் தொழிலில் முதலில் கேட்பது, நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டீர்கள் என்பது.

"நேத்தா? வெள்ளன ஒரு ரொட்டி, தேங்கா சம்பல். மத்தியானம் ஒரு பிடி சோறு, கீரை, மீன். ராவைக்கு ரெண்டு ரொட்டி. டீக்குச் சீனி போடுறதில்லீங்க" என்றார்.

அவர் பேச்சு தேயிலைத் தோட்டத்துப் பேச்சு. தாத்தா காலத்தில் இலங்கை மலைக்குப் போய், அப்பா காலத்தில் திருப்பி அனுப்பப்பட்டு, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடிவைக்கப்பட்ட குடும்பம்.

"பழம் ஏதாவது?"

"சாமிக்குப் படைக்கிறதோட சரிங்க."

சாமிக்குப் படைப்பது என்றால் நம் வீடுகளில் என்ன, ஒரு பழம் இருக்கும், அதையும் நாலு பேர் பிட்டுத் தின்போம். அதற்குமேல் அதில் கேட்க ஒன்றுமில்லை. இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடுகிற ஆளுக்கு ஏன் இவ்வளவு சுகர் என்பதுதான் புரியவில்லை. இந்த மாதிரி இடங்களில் எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஆண்பிள்ளை என்ன தின்கிறான் என்பது அவனைவிட ஆக்கிப்போடுகிறவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அடுத்த தடவை வீட்டுல அக்காவையும் கூட்டிட்டு வாங்க அண்ணே."

அவர் தலையை ஆட்டவில்லை. "அவளுக்கு ஏலாதுங்க மேடம். தண்ணி தாண்ட மாட்டா" என்றார்.

சுனாமி அன்று அவர் வேறொரு படகில் டூட்டியில் இருந்தார். ஆழக்கடலில் படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. கச்சாலில் அவர் மனைவி மாரியாயி மற்றவர்களோடு ரப்பர் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறித் தப்பினார். வீடு போய்விட்டது, தெரு போய்விட்டது. மனைவி உயிரோடிருக்கிறாரா என்று தெரியாமல் பெரியசாமி படகிலேயே வேண்டிக்கொண்டார், ஆள் கிடைத்துவிட்டால் ஆயுசுக்கும் முருகனுக்குச் செவ்வாய்க்கிழமை விரதம் இருப்பதாக. கிடைத்துவிட்டார். நிவாரண கேம்ப்பிலிருந்து பாராடாங்குக்கு மாற்றல் வாங்கி அழைத்து வந்தபோது கிரீக்கைத் தாண்டினதுதான் மாரியாயி கடைசியாகப் படகு ஏறினது. அதுவும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு.

இதையெல்லாம் அவர் முதல் நாளே சொல்லவில்லை. விரதத்தைப் பற்றி மட்டும் அது தானாக வெளியே வரும்வரை வாயைத் திறக்கவில்லை. வேண்டுதலை வெளியில் சொல்லிக்கொண்டு திரிகிறவர் இல்லை அவர். நான் இங்கே சேர்த்துச் சொல்லிவிட்டேன், உங்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று.

3. தலைகீழ் ரிப்போர்ட்

அடுத்த மாதம் வந்தார். வெறும் வயிற்றில் இருநூற்று முப்பது. சாப்பிட்டு இரண்டு மணிநேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் நூற்று நாற்பது.

தொழில் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். சாப்பிட்டால் ஏறவேண்டும், சாப்பிடாவிட்டால் இறங்கவேண்டும். இவருக்கு எல்லாம் தலைகீழ். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விசாகப்பட்டினத்துக்காரர், தமிழும் இந்தியும் கலந்து பேசுவார்.

"பெரியசாமி, சச் போலோ, உண்மையைச் சொல்லு. மீட்டா காதே ஹோ? ஸ்வீட் சாப்டுறியா?"

"முருகன் மேல சத்தியமா இல்லீங்க."

"மாத்திரை?"

"காலைல, ராவைக்கு. ஒரு நாள் விட்டதில்லீங்க. பாராடாங் ஆஸ்பத்திரியில சிஸ்டர் போன வெசாழக்கிழமை குத்திப் பாத்தாங்க, கொறைச்சலாத்தான் இருந்திச்சு."

டாக்டர் அதை நம்பவில்லை. நம் தீவுக் காற்றில் டெஸ்ட் ஸ்ட்ரிப் டப்பாவை ஒருமுறை திறந்து வைத்தால் போதும், நமுத்துப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்லும். மூன்று மாதச் சராசரி காட்டுகிற டெஸ்ட் ஒன்று உண்டு, அது போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதற்கான மருந்து கப்பலில் வரவேண்டும் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே கையிலிருந்த ரிப்போர்ட்டைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மாத்திரை இன்னும் கூடியது.

"அடுத்த மாசமும் இப்படியேன்னா இன்சுலின். இன்சுலின் போட்டா உன் ஆபீஸ்ல வீல் குடுக்க மாட்டான். படகுத்துறை ஜேட்டியில கயிறு பிடிக்கிற வேலைதான். சமஜே?" என்றார் டாக்டர்.

சமஜே என்றால் புரிந்ததா என்று. பெரியசாமி அண்ணனுக்குப் புரிந்தது. வெளியே வந்து என் மேஜை முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கயிறு பிடிக்கிறது கேவலம் இல்லீங்க மேடம். லஸ்கரா கயிறு பிடிச்சுத்தான் மேல வந்தேன். ஆனா மாரியாயி சொல்லியிருக்கா, என்னைக்காவது ஒரு நாளைக்கு உங்க பெரியில வாறேன், நீங்க ஓட்டினா வாறேன்னு. அந்த ஒரு நாளு இன்னும் வரல. வீல விட்டுட்டேன்னா அவ அந்தப் பக்கத்துலயே கெடந்து போயிருவா."

நான் பேனாவை எடுத்து மறுபடியும் விசாரிக்க ஆரம்பித்தேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? அதே ரொட்டி, அதே கீரை.

பயிற்சிப் பெண்களிடம் நான் இந்த இடத்தில் நிறுத்திக் கேட்பேன், ஓட்டை எங்கே இருக்கிறது கண்டுபிடியுங்கள் என்று. யாரும் சொல்வதில்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் உட்கார்ந்து 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்டால், யாரைக் கேட்டாலும் திங்கட்கிழமைதான் வரும். வருஷம் முழுக்கக் கேட்டாலும் திங்கட்கிழமைதான். செவ்வாய்க்கிழமையை யாரும் பார்க்கவே போவதில்லை.

4. பெஞ்சில் ஒரு சீப்பு

அடுத்த மாதம் நான் கொஞ்சம் சீக்கிரமாகவே போனேன், அவர் ரிப்போர்ட் எப்படி வருமோ என்ற கவலைதான். லேபுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாராடாங்கிலிருந்து விடியுமுன் கிளம்பி, போலீஸ் காவலோடு வரிசையாகக் காட்டைத் தாண்டுகிற கான்வாயில் பஸ் வந்து, நேராக இறங்கியவர். மடியில் மஞ்சள் பை. பக்கத்தில் ஒரு காலி இளநீர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பைக்குள் கைவிட்டு ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினார்.

"சாப்பிடுங்க மேடம், வீட்டுப் பழம். நான் இப்பத்தான் மூணு போட்டேன்."

உள்ளேயிருந்து லேப் டெக்னீசியன் மண்டல் தாதா, தாதா என்றால் பெங்காலியில் அண்ணன், ஊசியோடு அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ரத்தம் குடுக்கப் போறீங்க. வெறும் வயித்துல வரணும்னு சொல்லியிருக்குல்ல?"

"வெறும் வயிறுதாங்க. ஒண்ணும் சாப்பிடலீங்க."

"பழம் தின்னேன்னு இப்பத்தானே சொன்னீங்க!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மேடத்துக்கு என்ன ஆயிற்று என்ற கவலைதான் இருந்தது.

"பழம் சாப்பாடாங்க? இன்னைக்குச் செவ்வாக்கெழம. எனக்கு விரதம். விரதத்துக்கே பழம் ஆகும். பால் ஆகும், இளநி ஆகும். முருகனே கணக்கு வைக்கிறதில்ல, ஆஸ்பத்திரியில ஏங்க வைக்கப் போறாங்க?"

நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. நம் வீடுகளில் விரதம் இருக்கிற எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அரிசி பட்டால் விரதம் போச்சு, உப்பு பட்டால் போச்சு, பழம் எத்தனை தின்றாலும் போகாது. ஒரு வேளை சோற்றுக்குச் சமமாகப் பழம் உள்ளே போயிருக்கும், ஆனாலும் மனசறிந்து 'நான் இன்று ஒன்றும் சாப்பிடவில்லை' என்று சொல்லுவார்கள். அதில் பொய் துளியும் கிடையாது.

"சரி அண்ணே, ரத்தம் எடுத்தப்புறம் 'சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க'ன்னு சொல்வாங்களே, அப்ப என்ன சாப்பிடுவீங்க?"

"கான்டீன்ல இட்டிலிதாங்க இருக்கு. விரதத்துல அத எப்படிங்க தொடுறது? சும்மா மரத்தடியில உக்காந்துட்டு வந்துருவேன்."

ஆக, வெறும் வயிற்று ரத்தம் என்று எடுத்ததெல்லாம் மூன்று பழமும் ஓர் இளநீரும் போன ரத்தம். சாப்பிட்ட ரத்தம் என்று எடுத்ததெல்லாம் மரத்தடியில் பட்டினி கிடந்த ரத்தம். ரிப்போர்ட் ஏன் தலைகீழாக வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெரியசாமி அண்ணனின் ஃபைலைத் திறந்தார், மாத்திரை அளவைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. பழத்தால் ஏறின சுகருக்கு நாங்கள் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயிருந்தோம். இன்றைக்கு டெஸ்ட் வேண்டாம், போர்ட் பிளேரிலேயே தங்கி நாளைக் காலை ஒன்றும் தொடாமல் வரட்டும், பார்த்துவிட்டு மாத்திரையைக் குறைக்கலாம் என்றார்.

மாரியாயியின் தம்பி வீடு மின்னி பேயில்தான் இருந்தது. அங்கே தங்கச் சொன்னேன். "ராத்திரி ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுட்டு மாத்திரை போடுங்க. காலையில பச்சைத் தண்ணியோட வாங்க. பழத்தையும் தொடாதீங்க" என்றேன். "சரிங்க" என்றார். பழச் சீப்பை நான் வாங்கி என் மேஜையில் வைத்துக்கொண்டேன். மண்டல் தாதா தன் பங்குக்குக் கதவிலிருந்தே கத்தினார், "தாதா, ஃபல் பீ சீனி ஹே! ஆஜ் சே ஃபல் பந்த்!" பழமும் சர்க்கரைதான், இன்றிலிருந்து பழம் நிறுத்து என்று.

நான் சொன்னது காலைக்கு. மண்டல் தாதா சொன்னது அந்த நிமிடத்திலிருந்தே.

5. புதன்கிழமை காலை

மறுநாள் அதே பெஞ்சில் பெரியசாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தது. அந்தக் காலைக் குளுமையிலும் கழுத்து, நெற்றி எல்லாம் வியர்த்து விபூதி கரைந்து வழிந்தது. "அண்ணே" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "மாரியாயி, கயித்த அவுத்துட்டாங்களா?" என்றார்.

கையைப் பிடித்தேன், நடுங்கியது. மண்டல் தாதா விரலில் குத்திப் பார்த்தார். ஐம்பதுக்கும் கீழே. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். பாதி டம்ளர் போனதும் கண்ணில் ஆள் திரும்பி வந்தார். "மேடமா?" என்றார். மறுபடி குத்திப் பார்த்து ஏறுகிறது என்று தெரிந்த பிறகு, என் மேஜையிலிருந்த சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து உரித்துக் கொடுத்தேன். நேற்று அவர் கையிலிருந்து நான் வாங்கி வைத்த அதே சீப்புதான்.

"பழம் பந்துன்னாங்களே?"

"பேசாம தின்னுங்க."

தின்று முடித்த பிறகு விசாரித்தேன். நேற்று முழுக்க விரதம், அதனால் சோறு, இட்லி கிடையாது. மண்டல் தாதா சொன்னதால் பழம், இளநீர் கிடையாது. அடுத்த நாள் சூரியனைப் பார்த்துத்தான் விரதம் முடியும், ஆகவே ராத்திரியும் ஒன்றுமில்லை. மாத்திரை மட்டும் போட்டிருக்கிறார்.

"இட்லி சாப்பிட்டுட்டு போடச் சொன்னேனே அண்ணே, சரின்னீங்களே?"

"நீங்க சொல்றப்ப இல்லேன்னு எப்படிங்க சொல்றது? மாத்திரை சாப்பாடு இல்லியே, அதான் போட்டுக்கிட்டேன்."

நம்மவர்களின் 'சரிங்க' என்பது சம்மதம் இல்லை, மரியாதை என்பதை அன்றுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

அதோடு முடியவில்லை. அவர் சாதாரணமாக, ஊர்க்கதை சொல்வதுபோல் சொன்னார். "இந்த நடுக்கம் எனக்குப் பழக்கந்தாங்க. மாத்திரை கூட்டினதுலேர்ந்து, மத்தியானத்துக்கு முந்தி வீல்ல நிக்கிறப்ப வரும். கண்ணு இருட்டும். வீல்ரூம்ல படைச்ச பழம் தொங்கும், ஒண்ணு எடுத்துப் போட்டுக்குவேன். நின்னுரும்."

டாக்டர் பக்கத்தில்தான் இருந்தார். பெரியில் பஸ் நிற்கும், லாரி நிற்கும், இறங்கி நின்று கைக்குழந்தையோடு வேடிக்கை பார்க்கிற ஜனம் நிற்கும். அந்தப் பழத்தை நிறுத்திவிட்டு, அந்த மாத்திரையை மட்டும் தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டெஸ்டைக் கெடுத்ததும் அந்தப் பழம்தான். இத்தனை நாள் அவரை வீலில் நிற்க வைத்ததும் அந்தப் பழம்தான். இரண்டும் அதே இயற்கைச் சர்க்கரை.

டாக்டர் மாத்திரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். விரத நாளுக்கு அதிலும் பாதி. இந்த அளவை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பார்ப்போம், அதுவரை லீவில் இரு, ஃபிட்னஸ் பிறகு எழுதுகிறேன் என்றார். அந்த ஒரு மாதத்தில் சாப்பாட்டைச் சரிசெய்வது என் பொறுப்பு. அதற்கு மாரியாயி வேண்டும். மாரியாயி வரமாட்டார். எனவே நான் போனேன்.

6. மாரியாயி அக்காவின் தட்டு

பாராடாங்கில் எங்கள் ஆஸ்பத்திரி சார்பில் ஒரு கேம்ப் போட்டார்கள். அது செவ்வாய்க்கிழமையாக இருக்கட்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கேம்ப் முடிந்ததும் பெரியசாமி அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனார். தகரக் கூரை, வாசலில் செவ்வாழை, பின்னால் தென்னையும் பப்பாளியும். மாரியாயி அக்கா சின்ன உருவம், பெரிய குரல்.

முருகன் படத்துக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளம். அதில் ஒரு சீப்பு வாழைப்பழம், பாதிப் பப்பாளி, பலாச்சுளை ஒரு குவியல், அன்னாசித் துண்டுகள். பக்கத்தில் சீவிய இளநீர் வரிசையாக. அண்ணன் 'சாமிக்குப் படைக்கிறதோட சரி' என்று சொன்னாரே, அது இதுதான்.

"இதெல்லாம் யாரு சாப்பிடுவா அக்கா?"

"வேற யாரு, இவருதான். சோறு தண்ணி இல்லாம தண்ணி மேல நிக்கிறாரு. எனக்காக எடுத்த விரதம். பழமாவது வயித்துக்குப் போகட்டும்னு நாந்தான் வைக்கிறேன்."

நான் அளவைப் பற்றி ஆரம்பித்தேன். பழத்தில் இருப்பதும் சர்க்கரைதான், ஆனால் மென்று தின்கிற பழத்தில் நாரும் சேர்ந்து இருப்பதால் ரத்தத்தில் மெல்ல இறங்கும், அதனால் பழத்தை விடவேண்டாம், ஒரே நேரத்தில் தாம்பாளத்தைக் காலி செய்வதைத்தான் விடவேண்டும் என்றேன். இளநீரைத் தண்ணீர்க் கணக்கில் வைக்கக்கூடாது, சாறு பிழிந்து குடிக்கவே கூடாது என்றேன். அக்கா முழுசாகக் கேட்டார். பிறகு இடுப்பில் கைவைத்தார்.

"சாமிக்குப் படைக்கிறத எண்ணிப் படைக்கச் சொல்றீங்களா? எண்ணிப் படைக்கிற வீடு உருப்படுமா மேடம்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, பாசமும் இருந்தது. நான் அந்தத் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாமிக்கு எத்தனை வேணாலும் வைங்க அக்கா, நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா பிரசாதத்தை ஒரே ஆள் தின்னலாமா? எந்தக் கோயில்ல அப்படிக் குடுக்கறாங்க?"

அண்ணன் மெதுவாகச் சிரித்தார்.

"இவருக்கு ஒரு வேளைக்கு இவர் உள்ளங்கையில அடங்குறது. ஒரு சின்னப் பழமோ, ரெண்டு சுளையோ, ஒரு கீற்றோ. ஒண்ணு போதும், மூணும் இல்ல. கூட ஒரு கைப்பிடி கடலையும் பாலும். ரெண்டு மணி, மூணு மணிக்கு ஒரு தடவை குடுங்க. மிச்சத்தை பெரியில வர்ற ஜனத்துக்குக் குடுக்கட்டும்."

அக்கா அண்ணனின் கையை இழுத்து விரித்துப் பார்த்தார். வீல் பிடித்துக் காய்த்துப்போன அகலமான கை. "இது போதும்" என்றார், பேரம் படிந்தவர்போல. அன்றைக்கே தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை வழியனுப்ப ஜேட்டிவரை வந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்குப் பலாச்சுளை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், இரண்டு சுளை, அளவாக. ஆனால் பெரி வந்து இடித்தபோது, கிரீக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். நான் கையசைத்ததை அவர் பார்க்கவில்லை.

7. கேட்கிற கேள்வி

ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமையில், எல்லாவற்றையும் உறுதி செய்துகொண்டு ரத்தம் எடுத்தோம். வெறும் வயிற்றுக்குரிய அளவு வெறும் வயிற்றில் இருந்தது, சாப்பிட்ட பிறகுக்குரியது சாப்பிட்ட பிறகு இருந்தது. மண்டல் தாதாவே ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் ஃபிட்னஸ் எழுதினார். பெரியசாமி அண்ணன் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கப்பலில் வரவேண்டிய அந்த மருந்தும் ஒருவழியாக வந்து, சராசரி டெஸ்ட் போட்டுப் பார்த்தபோது அதுவும் ஒத்துப்போனது.

அதன் பிறகு என் மேஜையில் கேள்வியை மாற்றிவிட்டேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து வாய்க்குள் என்னென்ன போயிற்று என்று கேட்பேன். பழம், பால், இளநீர், வெற்றிலை, பிரசாதம், மாத்திரை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பேன். வாரத்தில் எந்த நாள் மற்ற நாள் மாதிரி இல்லை என்று கேட்பேன். செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், முஸ்லிம்களின் ரோஜா நோன்பு, ஏகாதசி, எல்லாம் வெளியே வரும். பயிற்சிப் பெண்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். பழத்துச் சர்க்கரை கணக்கில் உண்டு. பயந்து விலக்குவதற்காக இல்லை, இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. அதை ஆப்பில் ஏற்றுவது எளிது. எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைச் சாப்பாடு என்றே நினைக்கவில்லை என்றால் எந்த ஆப்பிலும் அது ஏறாது.

இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண்கள் வழக்கமாக ஒன்று கேட்பார்கள், மாரியாயி அக்கா வந்தாரா என்று.

மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கிளினிக்கில் கூட்டம். தலை நிமிராமல் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆள் வந்து உட்காருகிற சத்தம் கேட்டது. கேள்வியை ஆரம்பிக்க வாயெடுப்பதற்குள் பெரிய குரலில் பதில் வந்தது.

"எழும்பினதிலேர்ந்து வாய்க்குள்ள ஒண்ணும் போகல மேடம். பழம் இல்ல, பால் இல்ல, இளநி இல்ல, மாத்திரை இல்ல. வெத்தலகூட இல்ல. கொஞ்ச நாளா கால் எரியுது, எனக்கும் குத்திப் பாருங்க."

நிமிர்ந்தேன். மாரியாயி அக்கா. தனியாக. முந்தானையில் கடல் ஈரம்.

"எப்படி வந்தீங்க அக்கா?"

"எப்படின்னா? இவரு பெரியிலதான். அந்தக் கரையில பஸ் ஏத்திவிட்டாரு. சாயங்காலம் அவரு டூட்டி முடியறதுக்குள்ள திரும்பணும், சட்டுனு பாருங்க."

"கண்ணை மூடிட்டுத்தானே வந்தீங்க?"

"பாதித் தண்ணி வரைக்கும் மூடிக்கிட்டிருந்தேன்" என்றார். "பொறவு, இவரு எப்படி ஓட்டுறாருன்னு பாக்கணும்ல? தொறந்துட்டேன்."

நான் மண்டல் தாதாவைக் கூப்பிட்டேன்.